கதவில் ஒட்டிய காகிதம்

செமினி வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்ணால் கண்டோம். தோட்டம் கைமாறும்போது லயத்து வீட்டிலுள்ளோர் கதி என்ன?

தோட்டத் துண்டாடலின்போதே இக்கேள்வி எழுந்தது. தொழிலாளர் பணத்தாலேயே தோட்டம் வாங்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்.

பின்னர், 1980ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற விதிகளில் 89ஆம் கட்டளை இடம்பெற்றது. உரிமையின்றி நிலத்தில் இருப்போரை விரைவில் வெளியேற்றும் தனி முறை அது. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றும் நீண்ட விசாரணை இல்லை. சத்தியப் பத்திரங்களே பேசும். குடியிருப்பவர் பெயர் தெரியாவிட்டாலும் மனுச் செய்யலாம். காகிதத்தை வாசற்கதவில் ஒட்டினாலே போதும். கோபத்தில் அதைக் கிழித்தெறிந்து விடாதீர்கள்! மனுவில் பெயர் இல்லாதவரும், அங்கே குடியிருந்தால், தம்மையும் வழக்கில் சேர்க்கும்படி கேட்க அதே விதிகள் இடமளிக்கின்றன.

லயத்தார் புறம்போக்குவாசிகளா? வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்தது என்பது நிலக்காரர் வாதம். நிருவாகமே கொடுத்த வீடு என்பது நம்மவர் பதில். 1991இல், சிலாங்கூர் நிலத்துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், உரிமையே இல்லாமல் புகுந்தவர் வேறு, அனுமதியோடு குடியிருப்பவர் வேறு என்று உச்சநீதிமன்றம் பிரித்துக் காட்டியது. 2012இல் விதித்தொகுப்பு மாறியது. 89ஆம் கட்டளை மாறவில்லை.

அனுமதியை எதைக்கொண்டு காட்டுவது? பழைய சம்பளச் சீட்டு ஒன்று. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது ஏட்டில் லயத்து முகவரியை எழுதிக்கொண்டோமே, அதுவும் ஒன்று.