நங்கூரமும் டால்பினும்

எங்கள் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், பழைய தமிழ்ப் புத்தகங்களை இணையத்தின் வழியாக விற்கும் சிறு வணிகம் ஒன்றைத் தொடங்க முனைந்தார். பணி ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னறை கொள்ளாத அளவுக்குப் புத்தகங்கள் அவரிடம் உண்டு. முதல் என்று சொல்லத்தக்கது நாற்பதாயிரம் ரூபாய் மட்டுமே. அதில் எட்டாயிரத்தை, கடைக்கு ஓர் இலச்சினை வரைந்து தரும் கூலியாக ஒரு வரைகலைஞர் கேட்டிருந்தார். லோகோ இல்லாமல் இணையத்தில் கடை போடுவது, சட்டை இல்லாமல் கல்யாண வீட்டுக்குப் போவது போன்றது என்று யாரோ அவரை அச்சுறுத்தியும் இருந்தார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்று எங்களிடம் கேட்டார்.

வணிகம் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஆகவே, புத்தகம் விற்றவர்கள் முதன்முதலில் எப்போது, எதற்காகத் தமக்கென ஒரு சின்னத்தைத் தேடிக்கொண்டார்கள் என்று படிக்கத் தொடங்கினோம். எட்டாயிரம் ரூபாய்க் கேள்வி எங்களை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

தெருமுனைக் கடைக்குச் சின்னம் தேவைப்படுவதில்லை. கடைக்காரரின் முகமே சின்னம். அரிசியில் கல் இருந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போடலாம். பண்டம் அதைச் செய்தவனை விட்டு விலகி, அவன் முகம் தெரியாத ஊருக்குப் பயணம் போகும்போதுதான் அடையாளக் குறி தேவையாகிறது. அச்சுப் புத்தகம் அப்படிப் பயணம் போகவென்றே பிறந்த பண்டம். ஒரே ஊரில் இருநூறு முந்நூறு பிரதிகளை விற்றுத் தீர்க்க முடியாது. மூட்டை கட்டி ஆறு கடந்து, மலை கடந்து அனுப்பியாக வேண்டும். இருந்தும் ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த குட்டன்பெர்க்குக்குச் சின்னம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பெயர் பொறித்த புத்தகம்கூட ஒன்றும் கிடையாது. அவரிடமிருந்து தொழில் கைமாறிச் சென்ற ஃபுஸ்ட்டும் ஷோஃபரும் 1462இல் அச்சிட்ட பைபிளின் இறுதியில், ஒரு கிளையில் தொங்கும் இரட்டைக் கேடயங்களைக் காண்கிறோம். முதல் சின்னங்களில் அது ஒன்று.

இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டனின் கதை இன்னும் சுவையானது. அவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியது 1476இல். பதினோரு ஆண்டுகள் சின்னமே இல்லாமல் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். 1487இல் ஒரு வழிபாட்டு நூலைப் பாரிஸ் நகரத்து அச்சாளர் ஒருவரிடம் கொடுத்து அச்சிட்டு வாங்க வேண்டி வந்தது. அந்தப் புத்தகத்தில்தான் அவருடைய சின்னம் முதன்முறையாகத் தோன்றுகிறது. தம் கையால் செய்ததற்குக் குறி வேண்டியிருக்கவில்லை. பிறர் கையால் செய்வித்ததைத் தம்முடையது என்று சொல்லவே வேண்டியிருந்தது என்று நாம் ஊகிக்கலாம்.

ஆனால் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தவர் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ்தான். தமிழ்ச் சிற்றிதழ் வாசகருக்கு இந்தப் பெயர் முற்றிலும் அந்நியமானதன்று. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் தனக்கு ஆல்டஸ் என்று அவர் பெயரையே வைத்துக்கொண்டது. 1994இல் அதை அடோபி வாங்கிக்கொண்டது. நம் சிற்றிதழ்களில் எத்தனை எத்தனையோ அந்த மென்பொருளில் பக்கம் கோக்கப்பட்டவை.

ஆல்டஸ் அடிப்படையில் ஆசிரியர். இளவரசப் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர். நாற்பது வயதை ஒட்டி அச்சுத்தொழிலுக்கு வந்தார். அவர் அச்சகத்தின் முதல் நூல்கள் 1495 வாக்கில் வெளிவந்தன. 1495 முதல் 1498 வரையிலான காலத்தில் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே ஐந்து பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1501இல் வெர்ஜிலின் கவிதைகளைக் கைக்கு அடக்கமான சிறு வடிவில், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டித் தந்த புதிய சாய்வெழுத்தில் அச்சிட்டார். மேசைமேல் விரித்துவைத்துப் படிக்க வேண்டியிருந்த செவ்வியல் நூல், அங்கியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போகத்தக்கதாயிற்று. இத்தனைக்கும் அவரிடம் சின்னம் இல்லை.

நங்கூரத்தைச் சுற்றி வளைந்த டால்பின் அவர் புத்தகங்களில் அச்சகத்தின் அடையாளமாக ஏறியது 1502இல். அதாவது, தொழில் தொடங்கிய ஏழாம் ஆண்டில். படம் அவர் கைவசம் முன்பே இருந்தது என்பதுதான் வியப்பு. பியெட்ரோ பெம்போ என்ற இலக்கிய நண்பர் அவருக்கு ரோமானியப் பேரரசர் டைட்டஸ் காலத்து வெள்ளி நாணயம் ஒன்றைப் பரிசளித்திருந்தார். அதன் ஒரு பக்கத்தில் இந்த உருவம் இருந்தது. 1499இல் எழுதிய ஒரு காணிக்கையுரையில் நங்கூரமும் டால்பினும் தம் நீங்காத் துணைகள் என்று ஆல்டஸ் குறிப்பிடுகிறார். அதே ஆண்டு அவர் அச்சிட்ட ஹிப்னெரோட்டோமாக்கியா போலிஃபிலி என்ற விசித்திரமான கனவுக்கதைப் புத்தகத்திலும் இப்படம் மரச்செதுக்கு ஓவியமாக வருகிறது. கையில் இவ்வளவு அழகான படம் இருந்தும் மூன்று ஆண்டுகள் அவர் அதை முகப்பில் போடவில்லை. விரைவுக்கு டால்பின், உறுதிக்கு நங்கூரம். இரண்டும் சேர்ந்தால் ‘மெல்ல விரை’ என்று பொருள். சின்னத்தைச் சூடிக்கொள்வதிலும் அவர் அந்த வாசகத்தின்படியே நடந்துகொண்டார் போலும். 1508இல் அவர் வீட்டிலேயே தங்கித் தம் பழமொழித் தொகுப்பின் விரிவான பதிப்பை அச்சிட்ட எராஸ்மஸ், இந்த வாசகத்துக்கு நீண்ட விளக்கம் எழுதி, அந்த நாணயத்தை ஆல்டஸ் தமக்குக் காட்டியதையும் பதிவு செய்தார். எந்த விளம்பரக்காரரும் விலைகொடுத்து வாங்க முடியாத விளம்பரம் அது.

போலிகள் வந்த கதைக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரத்து அச்சாளர்கள் ஆல்டஸின் சிறுநூல்களை அப்படியே படியெடுத்து விற்கத் தொடங்கினார்கள். அதே அளவு, அதே சாய்வெழுத்து. அவருடைய எழுத்துருவுக்கு வெனிஸ் அரசு 1502இல் தனியுரிமை வழங்கியிருந்தது; ஆனால் வெனிஸின் ஆணை வெனிஸின் எல்லையோடு நின்றுவிடும். லியோனில் அதை யார் மதிப்பார்கள்? பொறுக்க முடியாமல் 1503 மார்ச் 16 தேதியிட்டு ஆல்டஸ் ஓர் எச்சரிக்கைத் தாள் வெளியிட்டார். போலியைக் கண்டுபிடிக்க அவர் வாசகருக்குச் சொன்ன வழிகள் இவை: அச்சிட்டவர் பெயரோ, இடமோ, காலமோ அவற்றில் இராது, தாள் மட்டமானது, ஒருவித நாற்றம் வீசும், எழுத்துகள் கண்ணுக்கு உவப்பாக இரா, பிழைகள் மலிந்திருக்கும். அதோடு நில்லாமல், எந்தெந்த நூலில் எந்தெந்த வரியில் என்னென்ன பிழை என்று ஓர் ஆசிரியருக்கே உரிய கண்டிப்போடு பட்டியலும் போட்டார்.

லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை நன்றியோடு வாங்கிப் படித்து, அடுத்த அச்சில் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்தி அனுபவப்பட்ட எவரும் இந்த இடத்தில் சற்று நேரம் சிரிக்காமல் மேலே செல்ல முடியாது.

லியோன்காரர்கள் திருடியது எதை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நங்கூரத்தை அவர்கள் தொடவில்லை. புத்தகத்தின் வடிவை, எழுத்தை, ஆல்டஸ் திருத்தி நிறுவிய பாடத்தைத் திருடினார்கள். சின்னத்தைத் திருடும் காலம் பின்னால் வந்தது. ஆல்டஸ் 1515இல் இறந்த பிறகு, அவர் மாமனார் குடும்பத்தார் அச்சகத்தை நடத்தினார்கள். அவர்கள் 1518இல் வெளியிட்ட லிவியின் வரலாற்று நூலின் முன்னுரையில் ஒரு புகார் இருக்கிறது: ஃபிளாரன்ஸ் நகரத்து அச்சாளர்கள், ஆல்டஸ் எழுதிய இலக்கண நூலில் எங்கள் டால்பினையே போட்டு விற்கிறார்கள், ஆனால் எங்கள் டால்பினின் தலை வலப்பக்கம் திரும்பியிருக்கும், அவர்களுடையது இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, பார்த்து வாங்குங்கள் என்று. படத்தைப் பார்த்துச் செதுக்கினால் அச்சில் திசை மாறிவிடும் என்பதை அந்த மரச்செதுக்குக்காரர் மறந்திருக்க வேண்டும். 1502இல் அந்தப் படத்துக்குத் திருடத்தக்க மதிப்பு இல்லை. இருபது ஆண்டுக்காலத் திருத்தமான புத்தகங்கள் சேர்ந்து அதற்கு மதிப்பை ஏற்றியிருந்தன. 1830 வாக்கில் லண்டன் பதிப்பாளர் வில்லியம் பிக்கரிங் அதே டால்பினை எடுத்துக்கொண்டபோது, தம்மை ஆல்டஸின் ஆங்கில மாணவன் என்று அருகிலேயே லத்தீனில் எழுதிவைத்தார். அந்த நாணயம் பாராட்டத்தக்கது.

ஆல்டஸைச் சிறு வணிகர் என்று சொல்லலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான ஐயம். அவருக்குப் பின்னால் தேர்ந்த அச்சகத் தொழிலதிபர் ஒருவரும், வெனிஸ் ஆட்சித்தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் முதல் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த முதல் எழுத்துரு வெட்டவும், தாள் வாங்கவும், மெய்ப்புப் பார்க்கும் அறிஞர்களுக்குச் சோறு போடவும் போயிற்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. படம் மட்டுமே வணிகத்தைத் தாங்கிய இடங்கள் இருந்தன. சிவகாசித் தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக் குச்சிக்கும் மறு பெட்டிக் குச்சிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. வாங்குபவர் எழுத்தறியாதவராக இருக்கலாம். தமிழ் தெரியாத வடநாட்டுச் சந்தையில் அது விற்க வேண்டும். அங்கே மயிலோ மாம்பழமோதான் பெயரின் வேலையைச் செய்தது. அந்தச் சின்னத்தை வேண்டாத அலங்காரம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் நம் நண்பரின் கடைக்கு வருபவர், வரையறைப்படியே, எழுதப் படிக்கத் தெரிந்தவர். தேடுபொறியில் எழுத்தை இட்டு வருகிறார், படத்தை இட்டல்ல. இன்னொருவருக்குச் சொல்லும்போதும் பெயரைச் சொல்கிறார். தீப்பெட்டிக்குப் படம் எதுவோ, இணையக் கடைக்குப் பெயர் அது. முகவரியே பெயர்தானே. 1995இல் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், பின்னர் இணையப் பக்கமாகி, பெயரும் நீல நிற இணைப்புகளுமாகவே ஆண்டுக்கணக்கில் நடந்தது. கூகுளின் முதல் எழுத்துச் சின்னத்தை 1998இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், கிம்ப் என்ற இலவச மென்பொருளில் தாமே செய்துகொண்டார். அதன் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

போலியிலிருந்து காக்கும் காவலாகவும் இன்று படத்தை நம்ப முடியாது. 1518இல் டால்பினைத் திருட ஒரு மரச்செதுக்குக்காரர் வேண்டியிருந்தது. அவரும் திசையைத் தவறவிட்டார். இன்று ஒரு நொடியில், திசை மாறாமல், நிறம் மாறாமல் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் தரும் காவல் வேறு. இந்தியாவில் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீட்டுச் சட்டத்தின்படி, படம் இல்லாமல் வெறும் பெயரையே பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். 2017ஆம் ஆண்டு விதிகளில் தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கும் கட்டணம் ஒரு வகைப்பாட்டுக்கு 4,500 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நண்பரிடம் வரைகலைஞர் கேட்டதில் ஏறக்குறையப் பாதி. அந்தப் பதிவும், வெனிஸின் ஆணையைப் போலவே, நாட்டின் எல்லையோடு நிற்பது.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தோம். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பு, ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் அருகே பதினாறுக்குப் பதினாறு புள்ளி அளவில் ஒரு குட்டிப் படத்துக்கு இடம் ஒதுக்கியது. அதன் சந்ததிகள் இன்று கைப்பேசித் திரையெங்கும் இருக்கின்றன. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் கடை பூட்டிக் கிடப்பது போலத் தோன்றும் என்றார் நண்பர். சரிதான். ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் டால்பினை வைத்தால் அது புழுவாகத் தெரியும். பெயரின் முதல் எழுத்து ஒன்று போதும் என்றோம்.

எங்கள் யோசனைக்கு ஒரு பழைய காயமும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் குழுவாகச் சேர்ந்து எழுதத் தொடங்கிய புதிதில், சின்னமாக எழுத்தாணி வைப்பதா அகல்விளக்கு வைப்பதா என்று மூன்று வாரம் வாதிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு விலகியே போனார். அந்த மூன்று வாரத்தில் ஒரு கட்டுரைகூட எழுதப்படவில்லை. கடைசியில் எது வென்றது என்று எங்களில் இருவருக்கு நினைவில்லை.

நண்பர் அந்த எட்டாயிரத்தில் நல்ல அட்டைப்பெட்டிகளும், மழைக்காலத்துக்கு நெகிழித்தாளும் வாங்கினார். கடையின் பெயரைச் சாதாரண எழுத்தில் ரப்பர் முத்திரையாக வெட்டி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும், முதுகு பிரிந்திருக்கிறதா, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, பூச்சி அரித்த துளைகள் எத்தனை என்று எண்ணி எழுதுகிறார். ஓட்டை எண்ணிச் சொல்லும் கடை என்று வாடிக்கையாளர் ஒருவர் தம் நண்பருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து நண்பருக்குப் பழைய ஆசை மீண்டும் துளிர்த்திருக்கிறது: ஒரு புத்தகப்பூச்சியையே சின்னமாக வைத்தால் என்ன? யோசனை எங்களுக்கும் பிடித்திருக்கிறது. பூச்சியின் தலை வலப்பக்கம் பார்க்க வேண்டுமா, இடப்பக்கமா என்பதில்தான் இன்னும் ஒத்துவரவில்லை.