இசைத்தட்டில் கைவைத்தவர்கள்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்திருந்தான். பதினேழு வயது. வழக்கமாகத் தாய் பேசி முடித்த பின்னர் "மாமா, சுகமா இருக்கிறீங்களோ?" என்ற ஒரே கேள்வியுடன் கடமையை முடித்துக்கொள்பவன், அன்று தானாகவே எடுத்தான். "மாமா, நான் டிஜே பழகப் போறன். எந்த செற் வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா" என்றான். அவனுக்குத் தேவைப்பட்டது ஆலோசனையை விடச் சிபாரிசே என்பது கடைசி வசனத்தில் விளங்கியது. பின்னால் இருந்து தங்கையின் குரல் கேட்டது: "ஆரோ பாடின பாட்டைப் போடுறதுக்கும் ஒரு படிப்போ, அண்ணா?"

தங்கையின் கேள்வி நியாயமானதுதான். எங்கள் ஊரில் பாட்டுப் போட்டவர்களை நாம் ஒருபோதும் கலைஞர் என்று அழைத்ததில்லை. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, இசைத்தட்டுப் பெட்டியுடன் விடிய விடிய விழித்திருந்த அந்த மனிதரை "லவுட்ஸ்பீக்கர்காரர்" என்றோம். சிறுவயதில் அவருக்கு அருகில் சென்று குந்தியிருப்பது எனக்குப் பெரும் விருப்பம். சுழலும் தட்டைத் தொட முயன்ற ஒவ்வொரு தடவையும் கையில் அடி விழும். இசைத்தட்டைத் தொடக்கூடாது, தொட்டால் கீறு விழும், ஊசி போய்விடும். உலகம் முழுவதும் இசைத்தட்டு வைத்திருந்த ஒவ்வொருவரும் கடைப்பிடித்த விதி அது.

அந்த விதியை மீறிய சில ஏழைச் சிறுவர்களின் கதையைத்தான் தங்கைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

கதை நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் தொடங்குகிறது எனப் பலரும் எழுதுவர். உண்மையில் அது ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் தொடங்குகிறது. 1950களில் அங்கே வானொலிப்பெட்டியும் இசைத்தட்டும் வாங்க வசதியற்ற மக்களுக்காக, பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவிலும் வெளிகளிலும் அடுக்கி ஆட்டம் நடத்தும் "சவுண்ட் சிஸ்டம்" குழுக்கள் தோன்றின. டியூக் ரீட், கொக்சன் டொட் ஆகியோர் அவற்றின் பெரும்புள்ளிகள். யாரிடமும் இல்லாத பாட்டு தம்மிடம் இருக்கவேண்டும் என்பதே அவர்களுக்கு இடையிலான போர். எனவே அமெரிக்காவில் இருந்து தருவித்த இசைத்தட்டுகளின் நடுவில் உள்ள பெயர்த்தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். போட்டியாளர் எட்டிப் பார்த்தாலும் பாட்டின் பெயர் தெரியாது.

அந்த நகரில் 1955இல் பிறந்த கிளைவ் கேம்பல் என்ற சிறுவன் 1967இல் குடும்பத்துடன் பிரொங்ஸுக்குக் குடிபெயர்ந்தான். பின்னாளில் டிஜே கூல் ஹேர்க் என அழைக்கப்பட்டவர் அவரே. தந்தையார் ஓர் உள்ளூர் இசைக்குழுவுக்கு ஒலியமைப்பாளராக இருந்தார். வீட்டில் ஒலிபெருக்கித் தொகுதி ஒன்று இருந்தது. மகன் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் அந்தத் தொகுதியின் முழுச் சத்தத்தையும் வெளிக்கொணரத் தந்தைக்குத் தெரியவில்லை. மகன் திருட்டுத்தனமாக வயர்களை மாற்றிப் பொருத்தி அதைக் கண்டுபிடித்தான். ஏசுவதற்கு வந்த தந்தை, சத்தத்தைக் கேட்டு உடன்பாட்டுக்கு வந்தார்: இசைக்குழுவின் இடைவேளைகளில் மகன் பாட்டுப் போடுவது, பதிலாகத் தன் விருந்துகளுக்கு அத்தொகுதியைப் பயன்படுத்திக்கொள்வது.

1973 ஒகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் கீழ்த்தளப் பொழுதுபோக்கு அறையில் ஒரு விருந்து நடந்தது. ஒழுங்கு செய்தவர் கிளைவின் தங்கை சிண்டி. புதிய பள்ளித் தவணைக்கு உடுப்பு வாங்கப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவே. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். அழைப்பிதழைச் சிறு அட்டைகளில் கையால் எழுதினார்கள். ஹிப்-ஹொப் என்று இன்று உலகம் அறிந்த கலையின் பிறந்தநாளாக அந்தத் திகதியையே கொண்டாடுகின்றனர். ஒரு தங்கை தன் அண்ணனின் டிஜே தொழிலுக்கு முதல் வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுத்தாள் என்பதை என் தங்கையிடம் அழுத்தமாகவே கூறினேன்.

ஹேர்க் விருந்துகளில் ஒன்றைக் கவனித்தார். ஆட்டக்காரர் பாட்டு முழுவதுக்கும் ஆடுவதில்லை. பாடகரும் ஏனைய வாத்தியங்களும் ஓய்ந்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே அவர்கள் காத்திருந்தார்கள். "பிரேக்" எனப்படும் அந்தப் பகுதி வந்ததும் களம் பற்றி எரியும், முடிந்ததும் அணைந்துவிடும். ஹேர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒரு சுழலியில் தாளப்பகுதி முடியும்போது மற்றச் சுழலியில் அதே பகுதியின் தொடக்கத்தில் ஊசியை வைத்தார். சில விநாடிகள் நிமிடங்களாக நீண்டன. அவர் இதற்குச் சூட்டிய பெயர் "மெரி-கோ-ரவுண்ட்", அதாவது குடைராட்டினம். பாட்டுகளின் பெயர்த்தாளை நீரில் ஊறவைத்து உரித்தும்விடுவார். கிங்ஸ்டன் வழக்கம் கடல் கடந்து வந்திருந்தது.

ஆயினும் அவருடைய இணைப்புகள் துல்லியமானவையாக இருக்கவில்லை. ஊசியைக் கண்மதிப்பில் வைப்பார். ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் தடுமாற்றம் இருக்கும். ஆட்டக்காரர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்திய ஒருவன் கூட்டத்தில் நின்றான்.

பார்படோஸ் தீவில் 1958இல் பிறந்து பிரொங்ஸில் வளர்ந்த ஜோசப் சட்லர், பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், தொழிற்பயிற்சி உயர்பள்ளி ஒன்றில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தான். சகோதரிகளின் வானொலிப்பெட்டிகளைக் கழற்றிப் பிரித்ததற்காகவும், தந்தையின் இசைத்தட்டுகளைத் தொட்டதற்காகவும் அடி வாங்கியவன். கைவிடப்பட்ட கார்களிலும் குப்பைமேட்டிலும் பொறுக்கிய உதிரிப்பாகங்களே அவனுடைய சொத்து. "எந்த செற் வாங்கலாம்?" என்ற கேள்விக்கு அவனிடம் இடமே இருக்கவில்லை.

அவன் முன்னால் மூன்று சிக்கல்கள் இருந்தன. முதலாவது, அடுத்த பாட்டைக் கூட்டம் கேட்குமுன் தான் மட்டும் கேட்பது எப்படி? மன்ஹட்டனின் டிஸ்கோ மண்டபங்களில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. ஒலிப் பொறியியலாளர் அலெக்ஸ் றொஸ்னர் 1971இலேயே அத்தகைய மிக்சர் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். ஆனால் அது பணம் புழங்கிய இடத்துச் சங்கதி. பீற் டிஜே ஜோன்ஸ் என்ற மூத்தவர் தன் கருவியையும் ஹெட்போனையும் பிளாஷிடம் ஒருநாள் ஒப்படைத்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. பிளாஷ் மைக்குகளுக்கான மலிவான மிக்சர் ஒன்றின் மேல் சாதாரண மின் ஆளியைப் பசை கொண்டு ஒட்டி, இருபுறமும் மாறி மாறிக் கேட்கும் வசதியைத் தானே அமைத்துக்கொண்டான்.

இரண்டாவது, தாளம் எங்கே தொடங்குகிறது என்பதை எப்படி அறிவது? ஊசியைத் தூக்கி வைத்தால் ஒருபோதும் சரியான இடத்தில் விழாது. ஆகவே ஊசியைத் தட்டிலேயே விட்டு, தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றினான். கிரேயொன் வர்ணக்கட்டியால் தட்டில் ஒரு கோடு. கோடு மணிக்கூட்டு முள் போல எத்தனை சுற்றுப் பின்னே போகிறது என எண்ணிக்கொண்டால் இருட்டிலும் இடம் தவறாது. இசைத்தட்டில் விரல் வைப்பதைப் பார்த்த மற்ற டிஜேக்கள் முகம் சுழித்தனர். எங்கள் லவுட்ஸ்பீக்கர்காரர் பார்த்திருந்தால் நிச்சயம் அடித்திருப்பார்.

மூன்றாவது சிக்கல் இரப்பர். சுழலியின் மேல் கிடந்த இரப்பர் விரிப்பு தட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. கையால் பிடித்தால் அடியில் உள்ள மேடையும் சேர்ந்து நின்றது. பிளாஷின் தாயார் தையல்காரி. அவருடைய துணிகளில் இருந்து ஃபெல்ட் துணியை எடுத்து வட்டமாக வெட்டி, கஞ்சிப்பசை தெளித்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கினான். மேடை சுழன்றுகொண்டே இருக்க, மேலே தட்டு கையின் கட்டுப்பாட்டில் வழுக்கி நின்றது. இன்று எந்தக் கடையிலும் "ஸ்லிப்மட்" என்று விற்கப்படும் பொருளை அந்த வீடு ஒரு தையல் மேசையிலேயே செய்துகொண்டது.

பல மாதங்கள் அறைக்குள் பயின்ற வித்தையை முதல் முறை பொதுவெளியில் காட்டியபோது கூட்டம் ஆடவில்லை. இவன் என்ன செய்கிறான் என்று விறைத்துப்போய் நின்று பார்த்தது. தான் வீட்டுக்குப் போய் அழுததாகப் பிளாஷ் பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார். கூட்டத்தை மீண்டும் ஆடவைக்க மைக் பிடித்துப் பேச ஆள் தேவைப்பட்டது. அந்தப் பேச்சே வளர்ந்து ராப் பாடலுக்கு வழி திறந்தது என்பது தனிக்கதை.

பிளாஷின் கூட்டாளி ஒருவருக்குத் தியடோர் லிவிங்ஸ்டன் என்றொரு தம்பி இருந்தான். சுழலிக்கு எட்டாத உயரம். பால் பெட்டி ஒன்றின் மேல் ஏற்றிவிடுவார்கள். 1970களின் நடுப்பகுதியில் ஒருநாள் அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டிருந்தபோது தாயார் கதவைத் தட்டி ஏசினார். தாய் பேசி முடியும் வரை தியடோர் தட்டைக் கையால் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்தான். ஊசி எழுப்பிய "சிக்கு சிக்கு" ஓசை அவன் காதில் பாட்டாக விழுந்தது. "ஸ்கிராட்ச்" என்ற உத்தி, ஒரு தாயின் ஏச்சில் பிறந்தது.

இவர்கள் கையில் சிக்கிய கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய சுழலிகளில் மோட்டார் ஓர் இரப்பர் பெல்ட்டால் மேடையைச் சுழற்றும். தட்டைப் பிடித்து விட்டால் பெல்ட் வழுக்கும், வேகம் பிடிக்க நேரமாகும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனப் பொறியியலாளர் ஷுயிச்சி ஒபாட்டாவின் குழு, பெல்ட்டை நீக்கி மோட்டாரை மேடையின் நேர் அடியில் வைத்தது. டெக்னிக்ஸ் என்ற வணிகப்பெயரில் 1972இல் வந்த எஸ்எல்-1200, வீட்டு வரவேற்பறையில் நிம்மதியாக இசை கேட்போருக்கான பொருள். 1979இல் வந்த எம்கே2 வடிவத்தில் வேகத்தை மாற்றும் திருகிக்குப் பதிலாக நீளமான வழுக்குக் கட்டை பொருத்தப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டை ஏறத்தாழ 110 வரை இறக்கலாம், 129 வரை ஏற்றலாம். நின்ற நிலையில் இருந்து முழு வேகத்தை எட்ட 0.7 விநாடி போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிஜேக்களின் பொதுக்கருவியாக இருந்த பின்னர் 2010இல் உற்பத்தி நின்றது. 2016இல் மீண்டும் வந்தபோது விலை ஏறத்தாழ 4000 அமெரிக்க டொலர். பிரொங்ஸ் சிறுவர்கள் புகழ் சேர்த்த கருவி பணக்காரரின் வரவேற்பறைக்கே திரும்பியது போல இருந்தது. டிஜேக்களுக்கென மலிவான எம்கே7 வர 2019 ஆயிற்று.

மின்சாரத்துக்கு என்ன செய்தார்கள்? பூங்கா விருந்துகளுக்குத் தெருவிளக்குக் கம்பத்தின் அடிப்பெட்டியைத் திறந்து வயர் கொளுவினார்கள். 1977 ஜூலை 13 இரவு நியூயோர்க் முழுவதும் இருண்டபோது, பூங்கா ஒன்றில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர் காஸ், தங்களால்தான் நகரம் அணைந்தது என்று ஒரு கணம் பயந்ததாகச் சொல்லியிருக்கிறார். அன்றிரவு கடைகள் சூறையாடப்பட்டபோது தானும் ஒரு மிக்சரை எடுத்ததை அவர் மறைக்கவில்லை. மறுநாள் எங்கும் புதிய டிஜேக்கள் முளைத்தனர் என்ற பேச்சில் மிகைப்படுத்தல் இருக்கலாம். களவை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிப் பாட்டும் செய்தியும் கேட்ட எவருக்கும் அந்த விளக்குக் கம்பத்து வயர் விளங்காமல் போகாது.

இவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1981இல் பிளாஷ் மூன்று சுழலிகளை மட்டும் கொண்டு ஏழு நிமிட இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். சுழலியும் ஒரு வாத்தியமே என்பதற்கு அதுவே சாட்சி. 2019இல் சுவீடனின் போலார் இசைப்பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஹேர்க் 1977இல் ஒரு விருந்தில் கத்திக்குத்துக்கு இலக்காகி மெல்ல ஒதுங்கினார். 2011இல் சிறுநீரகக்கல் சத்திரசிகிச்சைக்குக் காப்புறுதியின்றி அவர் தவித்த செய்தி உலகம் முழுவதும் வெளியானது. ஒரு பெரும் வணிகத்தின் பிதாமகர் எனப் பத்திரிகைகள் வர்ணித்த மனிதர் அவர். ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2023இல், முதல் விருந்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின்னர்.

இனி மருமகனின் கேள்வி. விலையுயர்ந்த சுழலிகள் இப்போது வேண்டாம் என்றேன். இரண்டு வட்டங்களும் நடுவில் மிக்சரும் ஒரே பலகையில் அமைந்து, மடிக்கணினியுடன் இணையும் இரண்டு வாய்க்கால் கொண்ட சிறிய கொன்ட்ரோலர் போதும், பாவித்ததாயினும் குறையில்லை. ஆனால் ஹெட்போன் இணைப்பு அதிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். பிளாஷ் பசை போட்டு ஒட்டியது அதைத்தான். காதை முழுதாக மூடும் ஹெட்போனில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. தாளத்தைத் தானாகப் பொருத்தும் "சிங்க்" பொத்தானை முதல் மூன்று மாதம் தொடாதே என்றேன். ஒரே பாட்டை இருபுறமும் ஏற்றி, ஒன்றின் வேகத்தைச் சிறிது மாற்றிவிட்டு, காதால் மட்டும் மற்றதுடன் சேர்க்கப் பழகவேண்டும். ஒரே தட்டின் இரண்டு பிரதிகள். ஹேர்க் தொடங்கியதும் அங்கேதான்.

தங்கை நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், அரைவாசிப் பணம் தான் தருவதாகவும் மிகுதியை அவன் கோடை விடுமுறையில் உழைத்துச் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னாள். இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் கேட்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ஹெட்போன் செலவு மாமாவின் தலையில் விழுந்திருக்கிறது.