கண்ணுக்குள் ஒரு போர் விமானத்தின் ஜன்னல்

போன வாரம் ஓபியில் ஒரு பாட்டி. 70 வயசு இருக்கும். ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண் கிட்டத்தட்ட மூடிடுச்சு, வெளிச்சம் மட்டும் தெரியுது. "கேம்ப் வண்டி வருது, போய் ஆபரேஷன் பண்ணிக்கங்க பாட்டி, இலவசம்தான்"னு சொன்னேன்.

பாட்டி என்னை ஒரு மாதிரி பாத்துட்டு கேட்டாங்க.

"ஏன் தம்பி, கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்க வப்பாங்களாமே? ஒரு தூசி விழுந்தாலே நாள் பூரா உறுத்துது. பிளாஸ்டிக்க வச்சா கண்ணு சும்மா இருக்குமா?"

பின்னாடி வரிசையில நாப்பது பேர். அந்த நேரத்துல என்னால சொல்ல முடிஞ்சது, "ஒண்ணும் ஆகாது பாட்டி, தைரியமா போங்க" அவ்வளவுதான்.

ஆனா யோசிச்சுப் பாத்தா அது எவ்வளவு சரியான கேள்வி! 1951-ல் உலகத்தின் பெரிய பெரிய கண் மருத்துவப் பேராசிரியர்கள் கேட்டதும் அச்சு அசல் இதே கேள்விதான். அதுக்கான பதில் கிடைச்ச இடம் ஆய்வுக்கூடம் இல்லீங்க. இரண்டாம் உலகப் போர்ல சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானியின் கண்.

கொஞ்சம் நீண்ட இழை. பொறுமையா படிங்க.

1940, ஆகஸ்ட் 15. வியாழக்கிழமை.

பிரான்ஸ் ஏற்கெனவே ஹிட்லர் கையில் விழுந்துவிட்டது. அடுத்து பிரிட்டன். கடல் தாண்டி படையை இறக்கணும்னா முதலில் வானத்தைப் பிடிக்கணும். அதற்காக ஜெர்மன் விமானப்படை நடத்திய தாக்குதலைத்தான் 'பிரிட்டன் சண்டை' என்கிறோம். அதில் ஜெர்மனி மிக அதிகமான விமானங்களை இறக்கிய நாட்களில் ஒன்று இந்த ஆகஸ்ட் 15. அன்று ஒரே நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள். அவர்களே அதை 'கறுப்பு வியாழன்' என்று அழைத்தார்கள்.

இங்கிலாந்தின் தென்கரையில் டாங்மியர் என்ற விமானத்தளம். அங்கே 601-வது ஸ்குவாட்ரன். பணக்கார வீட்டுப் பையன்கள் நிறைய இருந்ததால் 'மில்லியனர் ஸ்குவாட்ரன்' என்று பட்டப்பெயர். அதில் ஒரு விமானி கார்டன் கிளீவர். நண்பர்கள் வைத்த செல்லப் பெயர் 'மவுஸ்', அதாவது எலி. 1931-ல் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரில் நடந்த முதல் ஹானென்காம் பனிச்சறுக்குப் போட்டியில் ஒருங்கிணைந்த பிரிவில் ஜெயித்த ஆள். வேகத்துக்குப் பயப்படாதவர்.

அன்று அவசர அழைப்பு வந்து ஹரிக்கேன் விமானத்தில் ஏறிப் பறக்கிறார். கண்ணைக் காக்கும் காகிள்ஸ் போடவில்லை. வின்செஸ்டர் நகருக்கு மேலே எதிரியின் குண்டுகள் அவர் உட்கார்ந்திருந்த அறையின் மூடியில் பட்டு, அது சுக்குநூறாக உடைந்து முகத்திலும் இரண்டு கண்களிலும் பாய்ந்தது. கண் தெரியாத நிலையில், ரத்தம் வழிய வழிய, விமானத்திலிருந்து குதித்து பாராசூட்டில் தரையிறங்கினார்.

உயிர் பிழைத்தார். வலது கண் பார்வை போய்விட்டது. முகத்துக்கும் கண்களுக்குமாக அவருக்கு 18 அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவருடைய பறக்கும் வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

(இந்தக் கதையைச் சொல்றவங்க பலர் ஸ்பிட்ஃபயர் விமானம்னு சொல்வாங்க. கிளீவர் ஓட்டியது ஹரிக்கேன். பிரிட்டன் சண்டையில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியதும் ஹரிக்கேன்தான். பேர் மட்டும் ஸ்பிட்ஃபயருக்குப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியிலயும் இப்படி நடக்கும், விடுங்க.)

சரி, அந்த மூடி எதால் ஆனது? சாதாரணக் கண்ணாடி இல்லை. 'பெர்ஸ்பெக்ஸ்' என்ற பிளாஸ்டிக். வேதியியல் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. 1930-களில் வந்த புதுப் பொருள். கண்ணாடியை விட எடை குறைவு, தெளிவாகத் தெரியும், சூடாக்கினால் வேண்டிய வடிவத்துக்கு வளைக்கலாம். போர் விமானம் செய்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்ப டாக்டர் கண்ணோட இதைப் பாப்போம்.

கண்ணுக்குள் வெளிப்பொருள் போனால் என்ன ஆகும்? இரும்புத் துண்டு என்றால் துரு கரைந்து விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். செம்பு என்றால் இன்னும் மோசம், கடுமையான அழற்சி வந்து கண்ணே போகலாம். அதனால் கண்ணுக்குள் எது போனாலும் முதலில் வெளியே எடு என்பதுதான் கண் மருத்துவத்தின் அரிச்சுவடி.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர் ஹரால்ட் ரிட்லி. அவருடைய அப்பாவும் கண் மருத்துவர்தான். போர்க் காலத்தில் ராணுவ மருத்துவராக மேற்கு ஆப்பிரிக்கா போய், ஆற்றோர ஈக்கள் பரப்பும் 'ரிவர் பிளைண்ட்னஸ்' என்ற குருட்டு நோயைப் பற்றி விரிவாக எழுதியவர். எதையும் நின்று நிதானமாகப் பார்க்கிற மனிதர்.

கிளீவர் உட்பட காயம்பட்ட விமானிகள் பலரின் கண்களை அவர் பார்த்தார். உள்ளே பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள். எல்லாவற்றையும் எடுக்க முடியாது, எடுக்கப் போனால் மிச்சப் பார்வையும் போகலாம். விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்.

மாதங்கள் போயின. வருடங்கள் போயின. கூர்மையான ஓரம் எங்காவது உரசினால் தவிர, அந்தத் துண்டுகள் கண்ணை ஒன்றும் செய்யவில்லை. சிவப்பில்லை. சீழில்லை. வாடகை கொடுத்துட்டு சத்தமில்லாம குடியிருக்கிறவங்க மாதிரி உட்கார்ந்திருந்தன.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தக் கண்டுபிடிப்பு எப்படி வந்தது? ஃபாலோ-அப். அதே நோயாளியைத் திரும்ப வரச் சொல்லி, திரும்பப் பார்த்து, குறித்து வைத்தது. "ரிவ்யூவுக்கு வாங்க"ன்னு நாங்க சீட்டுல எழுதிக் கொடுக்கிறதை அப்படியே மடிச்சு பீரோவுல வக்கிறவங்க கவனிக்கவும்!

இப்போ புரைக்கு வருவோம். நம் கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது மங்கி வெளுத்துவிடுவதுதான் கண்புரை. அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் அந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அதோடு முடிந்தது. எடுத்த இடம் காலி.

அதை ஈடுகட்ட பிளஸ் 10 பவர் அளவில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. உங்க தாத்தா பாட்டி போட்டிருந்து பாத்திருப்பீங்க. கண் ரெண்டும் மாட்டுக் கண் மாதிரி பெருசா தெரியும். அவர்களுக்கும் உலகம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படி எங்கே இருக்கு, டம்ளர் எங்கே இருக்கு என்று தடுமாறுவார்கள். பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்கு எதுவுமே தெரியாது, சைக்கிள்காரன் திடீரென்று முளைத்தது போல முன்னால் வந்து நிற்பான். கண்ணாடி உடைந்தால் அன்றோடு மறுபடியும் குருடு.

போர் முடிந்த பின் ஒரு நாள், ரிட்லி புரை ஆபரேஷன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா என்கிற மாதிரி கேட்டாராம். அந்த எண்ணம் ஏற்கெனவே ரிட்லியின் மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். இதற்கு மேல் தள்ளிப்போடவில்லை. ஸ்டூடண்ட்ஸ் கேக்கிற 'முட்டாள்' கேள்வியைக் கேட்டு நாம சிரிக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிற கதை இது.

எந்தப் பொருளில் செய்வது? பதில் விமானிகளின் கண்ணிலேயே இருந்தது.

ரேனர் என்ற கண்ணாடி நிறுவனத்தின் ஜான் பைக்கை லண்டன் கேவன்டிஷ் சதுக்கத்தில் தன் காருக்குள் உட்கார வைத்துப் பேசினார். விஷயம் வெளியே கசியக் கூடாது என்று அவ்வளவு கவனம். பெர்ஸ்பெக்ஸ் தயாரித்த ஐ.சி.ஐ நிறுவனம் கண்ணுக்கென்றே இன்னும் தூய்மையான வகையைச் செய்து கொடுத்தது. ரிட்லி காப்புரிமை எடுக்கவில்லை. பத்து பைசா ராயல்டி வாங்கவில்லை.

1949, நவம்பர் 29. செயின்ட் தாமஸ் மருத்துவமனை. 45 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஆபரேஷன். இரண்டு கட்டமாகச் செய்து, 1950 பிப்ரவரி 8 அன்று லென்ஸ் நிரந்தரமாக உள்ளே வைக்கப்பட்டது. மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ்!

ரிசல்ட்? உண்மையைச் சொல்லணும்னா, பவர் கணக்கு பயங்கரமாகத் தப்பிவிட்டது. சுமார் மைனஸ் 20 அளவுக்குக் கிட்டப்பார்வை. இயற்கை லென்ஸின் வளைவையே காப்பியடித்தார்கள், ஆனால் பிளாஸ்டிக் ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். அடுத்தடுத்த லென்ஸ்களில் சரிசெய்தார்கள். முக்கியமான விஷயம் வேறு. கண் அந்த லென்ஸை ஏற்றுக்கொண்டது.

ரொம்ப நாள் ரகசியமாக வைத்திருக்க நினைத்தார். நடக்கவில்லை. ஒரு நோயாளி பெயர்க் குழப்பத்தில் ஃபிரெடரிக் ரிட்லி என்ற இன்னொரு கண் மருத்துவரிடம் போய் நின்றுவிட்டார்! குட்டு உடைந்தது. 1951 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு கண் மருத்துவ மாநாட்டில் நோயாளிகளை நேரிலேயே அழைத்து வந்து காட்டினார்.

கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? பிரிட்டனின் கண் மருத்துவத்தில் மிகப் பெரிய பெயர் சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர். அவர் அந்த நோயாளிகளைப் பரிசோதிக்கவே மறுத்துவிட்டார். வெளிப்பொருளை எடுப்பதுதான் நம் வேலை, இந்த மனிதர் உள்ளே வைக்கிறாரே என்பதுதான் பலரின் கோபம். எங்க பாட்டி கேட்ட அதே கேள்வி!

அவர்கள் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அன்றைய லென்ஸ் கனமானது, சிலருக்கு நகர்ந்து உள்ளே விழுந்தது. கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்திய மருந்தின் மிச்சம் சிலருக்கு அழற்சி கொடுத்தது. சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது. சில லென்ஸ்களைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அந்த நோயாளிகள் பட்ட கஷ்டமும் இந்த வரலாற்றில் சேர்த்தி. பொருள் சரி, வடிவமும் செய்முறையும் இன்னும் பழுக்கவில்லை. அதைப் பழுக்க வைக்க உலகம் முழுக்கப் பல மருத்துவர்களுக்கு இன்னும் இருபத்தைந்து, முப்பது வருடங்கள் ஆயின. அமெரிக்க எஃப்.டி.ஏ ஒப்புதல் கொடுத்தது 1981-ல்.

1987-ல், தன் கண்ணில் பெர்ஸ்பெக்ஸைச் சுமந்து இத்தனைக்கும் காரணமான கிளீவருக்கே மிச்சமிருந்த கண்ணில் புரை ஆபரேஷன் நடந்து, செயற்கை லென்ஸ் வைக்கப்பட்டது. பிறகு ரிட்லிக்கே புரை வந்தது. தான் முதல் ஆபரேஷன் செய்த அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். 2000-ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 93. அடுத்த வருடம் காலமானார்.

இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நம்ம மதுரை.

அதே போரின் கடைசிக் கட்டத்தில், 1944-ல், இந்திய ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போய், 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை கற்று, அரசு மருத்துவராக வேலை செய்து, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அப்போது லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வரணும். காசு இருப்பவனுக்கு லென்ஸ், இல்லாதவனுக்கு சோடாபுட்டி. 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை, இறக்குமதி லென்ஸின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இன்று அந்த லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. கூலி வேலை செய்யும் பாட்டியின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போக முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இலவச முகாம்களில் இன்றைக்கும் பெரும்பாலும் வைக்கப்படுவது அதே பி.எம்.எம்.ஏ லென்ஸ்தான். ஹரிக்கேன் விமானத்தின் ஜன்னல்!

போர் நல்லது செய்யும்னு நான் சொல்ல வரலைங்க. அந்தக் குண்டு யாருக்கும் பார்வை கொடுக்கப் புறப்படவில்லை. ஒரு மனுஷனின் கண்ணைப் பிடுங்கத்தான் வந்தது, பிடுங்கியது. அதற்கப்புறம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒரு டாக்டராலும், 18 தடவை மேஜையில் படுத்த ஒரு நோயாளியாலும் கிடைத்ததுதான் மிச்சம் எல்லாம்.

கடைசியா, டாக்டரா நாலு வார்த்தை.

👉 புரை "நல்லா முத்தட்டும்"னு காத்திருக்காதீங்க. முத்தினா கண் அழுத்தம் ஏறி, ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை திரும்பாம போகலாம்.

👉 சொட்டு மருந்தால புரை கரையாது. ஆபரேஷன் மட்டும்தான் தீர்வு.

👉 சர்க்கரை நோய் இருக்கிறவங்க வருஷம் ஒரு தடவை கட்டாயம் கண் பரிசோதனை செய்யணும்.

👉 வெல்டிங், கிரைண்டிங், கல் உடைக்கிற வேலை செய்றவங்க காகிள்ஸ் போடுங்க. கண்ணுல இரும்புத் துண்டு பட்டா தேய்க்காம, நீங்களே எடுக்க முயற்சி பண்ணாம அன்னைக்கே ஆஸ்பத்திரி வாங்க. எல்லாத் துண்டும் பெர்ஸ்பெக்ஸ் மாதிரி நல்ல பிள்ளையா இருக்காது.

நேத்து பாட்டி பிரஷர் மாத்திரை வாங்க வந்தாங்க. கூட்டம் கம்மி. இந்தக் கதையை அவங்க பாஷையில சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அந்தத் தம்பிக்கு ஒரு கண்ணாவது மிஞ்சுச்சே, அது போதும்"னாங்க. அப்புறம், "புதன்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டாங்க.

காலை எட்டு மணிக்கு பாட்டி.


ஓபி-யிலிருந்து ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.