126 மணியில் 3

கலிபோர்னியாவின் தெற்கே கோச்செல்லா பள்ளத்தாக்கு. பாலைவனம். மேற்கே பாம் ஸ்பிரிங்ஸில் கோல்ஃப் மைதானங்கள். கிழக்கே பேரீச்சை, திராட்சைத் தோட்டங்கள், அவற்றில் உழைக்கும் மெக்ஸிகோக்காரர்கள். 1965 மே மாதம் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சை பறிக்க மறுத்துக் கூலி உயர்வு பெற்றது இங்கேதான். தோட்டங்களின் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது. தோட்டத்தில் பேசப்பட்ட மொழி அலையில் ஏறியது எப்படி என்பது வேறு கதை.

1968ல் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கிடைத்த இரண்டு டெலிவிஷன் நிலையங்களும் ஆங்கிலம் பேசின. அதற்கு முன்பே, 1955ல், சான் அன்டோனியோவில் ரவுல் கோர்டெஸ் அமெரிக்காவின் முதல் முழுநேர ஸ்பானிஷ் நிலையத்தை ஆரம்பித்திருந்தார். 1962ல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒன்று வந்தது. பாலைவனத்துக்கு வழி திறந்தது 1982ல் அரசு உண்டாக்கிய 'குறைந்த சக்தி' என்ற வகை. இந்த வகை நிலையம் பெரிய நிலையத்துக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. பெரியது செய்யும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குடக்கூலிக்காரனின் அந்தஸ்து. இந்தியோ நகரத்துக்கு உரிமம் பெற்ற கேவிஇஆர் இந்த வகையில் வந்ததுதான்.

நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுக்குக் குறைந்த சக்தி என்றாலே ஒரு பரிவு வந்துவிடுகிறது. இந்தப் பரிவை நான் சந்தேகிக்கிறேன். கருவி சிறியது, பின்னால் நிற்கும் முதல் சிறியதல்ல. கோர்டெஸின் நிலையம் 1961ல் கைமாறி, மெக்ஸிகோவின் அஸ்காராகா குடும்பத்தின் பங்கோடு ஒரு பெரும் வலைப்பின்னலுக்கு வேராயிற்று. அந்நிய ஆதிக்கம் என்று வழக்கு எழுந்து, 1986ல் நிலையங்களை விற்க நேர்ந்தது. வாங்கியது ஹால்மார்க், வாழ்த்து அட்டைக் கம்பெனி. 1987ல் யுனிவிஷன் என்று பெயர் மாறியது. கேவிஇஆர் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அந்த யுனிவிஷனைத்தான்.

அப்படியானால் பாலைவனத்துக்குச் சொந்தமானது எது? வங்கிக் குமாஸ்தாவின் கண் எண்களில்தான் நிற்கும். 1999ல் வந்த சட்டம், தகுதியுள்ள குறைந்த சக்தி நிலையங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நிபந்தனைகளில் இரண்டு: தினம் 18 மணி நேரம் ஒளிபரப்ப வேண்டும், வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரமாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். ஆக, 126 மணியில் 3. இதற்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது முதலாளியின் இஷ்டம்.

அந்த 3 மணி அற்பமில்லை. 2019ல் தெர்மல் என்ற ஊரில் தொழிலாளர் வசித்த ஒரு குடியிருப்பின் கிணற்று நீரில் அளவை மீறிய ஆர்ஸெனிக் இருப்பதாகச் சுற்றுச்சூழல் இலாகா அவசர உத்தரவு போட்டது. மெக்ஸிகோ நகரில் எடுத்த எந்தத் தொடர்நாடகமும் தெர்மலின் கிணற்றைப் பற்றிச் சொல்லாது. உள்ளூர்ச் செய்தி வேண்டும். கேட்பவனுக்குப் புரியும் மொழியில் வேண்டும்.

இங்கே ஸ்பானிஷும் முடிவான பதில் இல்லை. அந்தக் கிழக்குப் பகுதியில் மிச்சோவாகன் மாநிலத்திலிருந்து வந்த புரெபெச்சா மக்கள் இருக்கிறார்கள். பலருக்கு ஸ்பானிஷ் இரண்டாவது மொழி. சட்டம் உள்ளூர் என்று மட்டும் சொன்னது. எந்த மொழி என்று கேட்கவில்லை.