மதுவிலக்குக்குப் பின் ஒரு வீடு: புதுக்கோட்டையை முன்வைத்து

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டை, 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானபோது, 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதையும் எட்டும் தறுவாயில் இருந்தது. அவ்விலக்கு 1971இல் தளர்ந்து, புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974ஆம் ஆண்டுக்குள் மீண்டும் இறுகி, 1981இல் மறுபடியும் நெகிழ்ந்தது. 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. கடையைத் திறக்கவும் மூடவும் சட்டத்தால் இயன்றதே தவிர, குடியை விட்டவர் அடுத்த நாள் முதல் யாரோடு உண்டு, எங்கே உறங்குவது என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை.

ஊர் வழக்கம் இக்கேள்விக்கு ஓரளவு விடை வைத்திருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றழைத்து, குருசாமியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஒரு மண்டலம் மதுவைத் தொடாமல் இருப்பதில் தனிமனித உறுதியோடு கூட்டத்தின் கண்காணிப்பும் சேர்ந்தே செயல்படுகிறது. ஆனால் மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது.

கலையாத கூட்டம் ஒன்றை அமைக்கும் முயற்சி வேறொரு மரபில் வளர்ந்தது. குடிநோயிலிருந்து மீண்டவரே மற்றவருக்குத் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் தோன்றியது. 1975இல் மேரிலாந்து மாநிலத்தில் அரசு நடத்திய விடுதியொன்று மூடப்படவிருந்தபோது, அங்கிருந்தவர்கள் தாங்களே அவ்வீட்டை வாடகைக்கு எடுத்து ‘ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்’ எனப் பெயரிட்டனர். அதன் விதிகள் மூன்றே: வீட்டை அங்கு வாழ்வோரே வாக்களித்து நடத்த வேண்டும், வாடகையும் செலவும் அவர்களே பகிர வேண்டும், மீண்டும் குடித்தவர் உடனே வெளியேற வேண்டும். தலைவரும் பொருளாளரும் ஆறு மாதத்துக்கு மேல் அப்பொறுப்பில் நீடிப்பதில்லை. வாரக் கூட்டத்தில் கணக்கு எல்லோர் முன்னும் வாசிக்கப்படுகிறது. இத்தகைய வீடுகளைத் தொடங்க 4,000 டாலர் வரை கடன் தரும் நிதிக்கு 1988ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வழிசெய்தது.

தமிழகத்தில் குடிநோய்ச் சிகிச்சையின் முன்னோடியான டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவினார். அவ்வமைப்பு பின்னர் காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் கிராம முகாம்கள் நடத்தி, சிகிச்சையை ஊருக்கே கொண்டுசென்றது. 1986இல் புணேயில் தொடங்கிய முக்தாங்கண் மையம், மீண்டவர்களையே பணியாளர்களாக்கியது. எனினும் இவை சிகிச்சை நிறுவனங்கள். வாழ்வோரே நடத்தும் இல்லம் அவற்றுக்கு அடுத்த படியாகும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதல் கட்டம் மருத்துவரின் பார்வையில்தான் நடந்தாக வேண்டும். அதைக் கடந்தவருக்கே கூட்டு இல்லம் பொருந்தும்.

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் இதற்குப் பெரிய கட்டடமோ நன்கொடையோ முதல் தேவையல்ல. கூலி வேலைக்குச் செல்லும் ஆறேழு பேர் வாடகையைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருப்பதும், அவர்களின் பழைய பெயரைச் சொல்லிக் கதவை அடைக்காத வீட்டுக்காரர் ஒருவர் கிடைப்பதும் போதும். மாலை போட்டவரை மதிக்கத் தெரிந்த ஊருக்கு இது இயலாத காரியமன்று.