இணைப்புக்குறி கழித்தல் குறியான கதை

எங்கள் துறை அலமாரியில் களப்பணி ஒலிப்பதிவுகள் கொண்ட வட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. மத்திய இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழியொன்றின் கதைகளும் சொற்பட்டியல்களும் அவற்றில் இருக்கின்றன. கதை சொன்னவர்களுள் சிலர் இன்று இல்லை. சென்ற மாதம் படியெடுக்க முனைந்தபோது சில வட்டுகள் திறக்கவில்லை. "அவை மைனஸ் வட்டுகளாக இருக்கும், பிளஸ்தான் நிலைக்கும்" என்றார் நண்பர். எடுத்துப் பார்த்தேன். திறக்காதவற்றுள் இரு வகையும் இருந்தன. அக்குறிகளின் வரலாற்றைத் தேடியதன் விளைவே இப்பதிவு.

1997-இல் பயனியர் நிறுவனம் டிவிடி-ஆர் வட்டை அறிமுகப்படுத்தியது. முதலில் 3.95 ஜிகாபைட்டாக இருந்த அதன் கொள்ளளவு பின்னர் 4.7 ஆனது. டிவிடி ஃபோரம் என்னும் கூட்டமைப்பு அதனை ஏற்றது. மறுபதிவு வட்டு எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் அக்கூட்டமைப்புக்குள் பிளவு தோன்றியது. டிவிடி-ரேம் வடிவத்தை ஏற்காத சோனி, பிலிப்ஸ், எச்பி முதலிய நிறுவனங்கள் டிவிடி+ஆர்டபிள்யூ என்னும் தனி வடிவத்தை முன்வைத்தன. அது 2001-இலும், ஒருமுறை மட்டும் பதியத்தக்க டிவிடி+ஆர் 2002-இலும் சந்தைக்கு வந்தன. ஃபோரத்தின் ஏற்பு இல்லாமையால் அவ்வட்டுகள் டிவிடி சின்னத்தைத் தாங்கவில்லை.

தொழில்நுட்ப வேறுபாடு நுட்பமானது. வெற்று வட்டிலும் சுருள் வடிவான தடமொன்று உண்டு. அத்தடம் சீராக நெளிந்து செல்லும். தான் வட்டின் எவ்விடத்தில் இருக்கிறது என்பதைப் பதிவுக் கருவி அறிந்தாக வேண்டும். டிவிடி-ஆர் அம்முகவரியைத் தடங்களுக்கு இடைப்பட்ட மேட்டில் நுண்குழிகளாக முன்கூட்டியே பொறித்து வைக்கிறது. டிவிடி+ஆர் அதனை நெளிவுக்குள்ளேயே குறியீடாக்குகிறது. முன்னதன் நெளிவு அதிர்வெண் 140.6 கிலோஹெர்ட்ஸ், பின்னதற்கு 817.4 கிலோஹெர்ட்ஸ்.

இங்கே மொழியியலாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிவிடி-ஆர் என்பதிலுள்ள கோடு கழித்தல் குறியன்று. சிடி-ஆர், டிவிடி-ரோம் என்பவற்றில் வருவது போன்ற வெறும் இணைப்புக்குறியே அது. எதிரணி கூட்டல் குறியைத் தேர்ந்த பின்னரே அது 'மைனஸ்' என்று வாசிக்கப்பட்டது. ஒரு குறியின் மதிப்பை அதன் எதிர்நிலை தீர்மானிக்கும் என்று சசூர் வழி நாம் வகுப்பறையில் படிப்பதைக் கடைத்தெரு நிகழ்த்திக் காட்டியது. 'பிளஸ்' என்றால் மிகுதி, 'மைனஸ்' என்றால் குறை என்ற எண்ணமும் உடன் வந்தது. உண்மையில் டிவிடி-ஆர் 4,707,319,808 பைட்டுகளையும், டிவிடி+ஆர் 4,700,372,992 பைட்டுகளையும் கொள்ளும். ஏறத்தாழ 69 லட்சம் பைட்டுகள் 'குறை'யிடமே கூடுதல்!

இப்போட்டியில் எவரும் தோற்கவில்லை. இரு வட்டுகளும் ஒரே விட்டம் உடையவை. ஒரே வகை லேசரால் படிக்கப்படுபவை. ஆதலால் இரண்டையும் ஏற்கும் கருவியைச் செய்ய முடிந்தது. 2002-இல் சோனியே அத்தகைய கருவியை வெளியிட்டது. பிறரும் தொடர, எவ்வகை வட்டை வாங்குவது என்ற கவலை பயனரை விட்டு அகன்றது.

நண்பரின் கூற்றுக்கு வருவோம். இருவகை ஒருமுறைப் பதிவு வட்டுகளும் கரிமச் சாயப் படலத்திலேயே தரவைப் பதிகின்றன. சாயத்தின் தரம், வட்டு ஒட்டப்பட்ட நேர்த்தி, பதிவின் தரம், வெப்பம், ஈரம், ஒளி ஆகியவையே அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. உறைமேல் உள்ள குறி அன்று.

ஆகவே ஆய்வுத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறை அலமாரிகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும். 'பிளஸ்தானே, இருக்கட்டும்' என்று ஒத்திப்போடாதீர்கள். புதிய மடிக்கணினிகளில் வட்டு இயக்கியே அருகிவிட்டது. படிக்கும் கருவி கிடைக்கும் இந்நாளிலேயே படியெடுத்து, ஈரிடங்களில் வையுங்கள். வட்டை மீண்டும் வாங்கலாம். அக்கதையைச் சொன்ன குரலை மீண்டும் பதிய இயலாது.