விழுப்புரத்தில் நின்ற மின்கம்பி

கடலூரும் சிதம்பரமும் இருப்புப் பாதையைக் கண்டது 1870களின் பிற்பகுதியில். தென்னிந்திய இரயில்வே நிறுவனம் அமைத்த அம்மீட்டர் பாதை, சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சையை அடைந்தது. மக்கள் வழக்கில் அது இன்றும் ‘மெயின் லைன்’தான். தஞ்சைத் தரணியின் நெல்லும் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையும் இப்பாதை வழியே சென்றன. பயணிகள் வண்டிகள் நினைவில் நின்ற அளவு சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. அவற்றை இழுத்த மின்சார எஞ்சின்களின் வரலாறு, இப்பகுதி நெடுங்காலம் காத்திருந்த வரலாறும் ஆகும்.

இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3இல் பம்பாயில் ஓடியது. அங்குள்ள மலைப்பாதைகளில் சரக்கு இழுப்பதற்கென்றே 1928 முதல் 41 எஞ்சின்கள், சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் செய்யப்பெற்று வந்தன. தமிழகத்தில் 1931 ஏப்ரல் 2இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்பாதை தொடங்கப்பெற்றது. 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கிய அப்பாதைக்கு, பயணிகள் மின்வண்டிகளுடன் நான்கு சரக்கு எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. பின்னாளில் இவை ‘ஒய்.சி.ஜி.1’ என வகைப்படுத்தப்பட்டன. ‘ஒய்’ மீட்டர் பாதையையும், ‘சி’ நேர்மின்னோட்டத்தையும், ‘ஜி’ சரக்கையும் குறிக்கும்.

இவற்றோடு மின்கலங்கள் அடுக்கிய தனி வண்டியொன்றும் இணைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. சரக்கு ஏறுவதும் இறங்குவதும் பக்கப் பாதைகளில். அங்கெல்லாம் மேலே கம்பி இல்லை. கம்பி முடியுமிடத்தில் எஞ்சினின் ஆற்றலும் முடிந்துவிடும். அக்குறையை நீக்கக் கண்ட வழியே இந்த மின்கல வண்டி. அது உதவியதும் சிறு தொலைவுக்கே.

1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டப் பாதை அமைந்தது. அதற்காக ஜப்பானிலிருந்து ‘ஒய்.ஏ.எம்.1’ வகை எஞ்சின்கள் 20 வந்தன. ‘ஏ’ மாறுமின்னோட்டம், ‘எம்’ பயணிகள், சரக்கு ஆகிய இரண்டிற்கும் உரியது என்பதன் குறி. கடற்கரை – தாம்பரம் பகுதியும் புதிய முறைக்கு மாறியதும், நேர்மின்னோட்டத்திற்கென அமைந்த பழைய நான்கும் பணியிழந்தன. அவற்றுள் ஒன்று புதுதில்லித் தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கம்பி விழுப்புரத்தோடு நின்றது. சிதம்பரத்திலும் கடலூரிலும் இருந்து சென்னைக்குப் போகும் வண்டியை நீராவி எஞ்சினும், பின்னர் டீசல் எஞ்சினும் விழுப்புரம் வரை இழுத்துவந்தன. மின்சார எஞ்சின் கிடைப்பது அங்கேதான்.

இதில் ஒரு முரண் உண்டு. கடலூருக்கு மேற்கே நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் மாநிலத்திற்கே மின்சாரம் வழங்கியது. அம்மாவட்டத்தின் கடலோரப் பாதையோ புகையோடு இருந்தது. இதற்குக் காரணமும் இல்லாமலில்லை. கம்பியும் துணை மின்நிலையமும் பெருஞ்செலவு; மிகுதியான வண்டிகள் ஓடும் பாதையில்தான் அச்செலவு ஈடாகும். 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை அமைந்தபின், தென்திசைப் போக்குவரத்து அதன்பால் திரும்பிற்று. மீட்டர் பாதையை அகலப் பாதையாக்க முடிவெடுத்த பின்னரோ, பழைய பாதைக்குக் கம்பி இடுவதில் பொருளில்லை.

2004இல் சென்னைப் புறநகரில் மீட்டர் பாதை மின்வண்டிகள் ஓய்ந்தன. ஜப்பானிய எஞ்சின்களின் காலமும் முடிந்தது. விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை 2010இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டையொட்டி மின்கம்பி கடலூரையும் சிதம்பரத்தையும் கடந்து சென்றது. விழுப்புரத்தில் நின்ற கம்பி இங்கு வந்துசேர அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. விழுப்புரம் வரை வந்த அந்த மீட்டர் பாதை மின்சார எஞ்சின்களுள் ஒன்றேனும் கெடில ஆற்றையோ வெள்ளாற்றையோ தன் ஆற்றலால் கடந்ததில்லை.

‘புகைவண்டி’ என்னும் சொல் தமிழில் இன்னும் வழங்குகிறது. புகையை இழந்த வண்டிக்கு அப்பெயர் பொருந்தாது என்பர் சிலர். மெயின் லைன் ஊர்களைப் பொறுத்தவரை, அண்மைக்காலம் வரை அது பொருளுடைய சொல்லாகவே இருந்தது.